பதிவு முடியப் பத்து மாதம்: ஓர் ஆய்வு மாணவருக்கு எழுதிய பதில்

தம்பி, உங்கள் கடிதம் நீளமானது. இதை வாசிக்கப்போகும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று முதலில் அதைச் சுருக்கிவிடுகிறேன். வவுனியாவிலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறீர்கள். கொழும்புப் பகுதிப் பொறியியல் பீடம் ஒன்றில் முதுதத்துவமாணிக்கு (எம்.பில்.) முழுநேரமாகப் பதிந்து 14 மாதம் ஆகிவிட்டது. பதிவு இரண்டு வருடத்துக்கு. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலைச் சீமெந்தின் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்த்துக் கொங்கிரீட் செய்வது உங்கள் ஆய்வு. மேற்பார்வையாளர் நல்லவர், ஆனால் அனுப்பியதற்குப் பதில் வருவதில்லை. அழுத்தச் சோதனை இயந்திரம் ஏழு கிழமை பழுதாகிக் கிடந்தது. கையில் காசு தட்டுப்பாடு. ஒரு நிறுவனம் பகுதிநேர வேலைக்குக் கூப்பிடுகிறது. அலுவலகத்தில் எதைக் கேட்டாலும் "விதியில் இடமில்லை" என்கிறார்கள். "அக்கா, இந்த விதிகள் எங்கே இருக்கின்றன? எனக்கு உரியது எது?" என்பதுதான் உங்கள் கேள்வி.

நானும் இதே பட்டத்தை இதே கொழும்பில் வேலை செய்துகொண்டே படித்தவள். இப்போது ஒரு பீடத்தின் பட்டப்பின்படிப்புக் குழுவில் இருந்து, காலநீடிப்புக் கேட்டு வரும் கோப்புகளை மாதந்தோறும் பார்க்கிறேன். அந்தக் கோப்புகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. ஆய்வு பிழைத்துப்போய்ப் பட்டம் இழந்தவர்கள் குறைவு. கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய நாளுக்கு முன்னால் எழுத்தில் கேட்காமல் விட்டுப் பட்டம் இழந்தவர்கள்தான் அதிகம். உங்களுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் விதிகள். நம் அரச பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. அந்தச் சட்டம் தந்த அதிகாரத்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பட்டங்களுக்கான துணைவிதிகளையும் ஒழுங்குவிதிகளையும் ஆக்கிக்கொள்கிறது. பட்டத்தின் தரம் எது, குறைந்தது எவ்வளவு காலம் என்பதற்கு நாடு முழுவதற்கும் பொதுவாக இலங்கைத் தகைமைச் சட்டகம் இருக்கிறது. 2012இல் வந்தது, 2015இல் திருத்தப்பட்டது. அதில் 12 மட்டங்கள். பாடநெறியால் மட்டும் பெறும் முதுமாணி 9ஆம் மட்டம், ஆய்வுப் பகுதியும் சேர்ந்த முதுமாணி 10, உங்கள் முதுதத்துவமாணி 11, கலாநிதிப் பட்டம் 12. முதுதத்துவமாணிக்கு முழுநேரமாகக் குறைந்தது இரண்டு வருட ஆய்வு, கலாநிதிப் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று வருடம். இதற்குக் கீழே பீடத்தின் கைநூலும் சுற்றறிக்கைகளும் வருகின்றன. அதற்கும் கீழே, எந்தத் தாளிலும் எழுதப்படாமல், "இங்கே இப்படித்தான்" என்கிற வழக்கம் இருக்கிறது.

கருமபீடத்தில் உங்களுக்குச் சொல்லப்படும் "விதி"களில் பெரும்பங்கு இந்தக் கடைசி வகை. சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு முன்னிருந்தவர் அப்படிச் செய்தார், அவரும் அப்படியே செய்கிறார். ஆகவே வாதாட வேண்டாம். ஒரு குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, "எந்த விதி, எந்த இலக்கம் என்று சொன்னால் எழுதிக்கொள்கிறேன்" என்று மரியாதையாகக் கேளுங்கள். இலக்கம் இருந்தால் உங்களுக்கு நல்லது, வீட்டுக்குப் போய் முழுப் பந்தியையும் வாசிக்கலாம். "மூதவையின் அனுமதியுடன் அன்றி" என்கிற சொற்றொடர் அந்தப் பந்தியிலேயே இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அப்படியென்றால் இடமில்லை என்று பொருளாகாது, பல்கலைக்கழகத்தின் கல்வி விஷயங்களை முடிவு செய்யும் சபையான மூதவைக்கு விண்ணப்பிக்க இடமிருக்கிறது என்றுதான் பொருள். இலக்கம் இல்லையென்றால் அவரே உள்ளே போய்ச் சிரேஷ்ட உதவிப் பதிவாளரிடம் கேட்டு வருவார்.

துணைவிதியின் பிரதியைப் பெறும்போது, நீங்கள் பதிந்த தேதியில் நடைமுறையில் இருந்த பதிப்பையே கேளுங்கள். இடையில் திருத்தம் வந்திருந்தால் பழைய மாணவர்களுக்கு எது பொருந்தும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். முழுவதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. காலநீடிப்பு, தற்காலிக விடுப்பு, முழுநேரத்திலிருந்து பகுதிநேரத்துக்கு மாறுதல், முன்னேற்ற அறிக்கை, மேற்பார்வையாளரைச் சேர்த்தலும் மாற்றுதலும், ஆய்வேடு சமர்ப்பிக்க எத்தனை மாதம் முன்னால் அறிவிக்க வேண்டும் என்பது: இந்த ஆறு இடங்களையும் தேடிப் பென்சிலால் கோடிடுங்கள். கடைசியைப் பலர் கவனிப்பதே இல்லை. பரீட்சகர்களைப் பிரேரித்து, பீடச் சபைக்குப் போய், மூதவைக்குப் போய், அவர்கள் சம்மதித்துக் கடிதம் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஆய்வேடு கையில் தயாராக இருந்தும் பரீட்சகர் இல்லாமல் காத்திருந்தவர்களை நான் அறிவேன்.

விடுப்பைப் பற்றி என் சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும். நான் படித்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. அன்றிரவே ரயில் ஏறினேன். நான்கு மாதம் அங்கேயே இருந்தேன். மேற்பார்வையாளருக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தேன், அவரும் "பிள்ளை, அப்பாவைப் பாருங்கள்" என்றார். நான் அதுவே போதும் என்று இருந்துவிட்டேன். திரும்பி வந்து ஆண்டுக் கட்டணத்தைக் கட்டப்போனபோது என் பதிவு காலாவதியாகிவிட்டது என்றார்கள். என்னிடம் காட்ட ஒரு தாளும் இல்லை. மீண்டும் பதிய ஐந்து மாதமும் தண்டப்பணமும் போயின. அன்று ஒரு பக்கக் கடிதமும் வைத்தியசாலைச் சான்றிதழின் பிரதியும் அனுப்பியிருந்தால் அந்த நான்கு மாதமும் என் காலக்கணக்கிலிருந்தே கழிந்திருக்கும். டெங்கு வந்து வீட்டில் படுத்தாலும், ஊரில் சாவு வீடு என்றாலும், முதற்கிழமையிலேயே எழுதிவிடுங்கள். பின்தேதியிட்டு விடுப்புக் கேட்பது மிகக் கடினம்.

இப்போது மேற்பார்வையாளர். பதில் வருவதில்லை என்கிறீர்கள். அவருடைய பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள்: இளமாணி விரிவுரைகள், பரீட்சைத் தாள்கள், பீடக் கூட்டங்கள், ஆலோசனை வேலைகள், அத்தோடு உங்களைப் போல இன்னும் நான்கைந்து பேர். "சேர், எனது மூன்றாம் அத்தியாயத்தை வாசித்துக் கருத்துச் சொல்லுங்கள்" என்று 40 பக்கம் அனுப்பினால் அது சனிக்கிழமைக்கு ஒத்திவைக்கப்படும். அந்தச் சனிக்கிழமை வருவதே இல்லை. அவரால் நின்ற நிலையில் பதில் சொல்லக்கூடியதாக அனுப்புங்கள். அவரைச் சந்தித்த அன்றே, பஸ்ஸில் வரும்போதே, இப்படி ஒரு சிறு மின்னஞ்சல் எழுதலாம்:

"இன்று பேசியவை: சாம்பலின் பங்கை 20, 30, 40 சதவீதமாக வைப்பது. நீர்-சீமெந்து விகிதத்தை மாற்றாமல் வைப்பது. அடுத்த வார்ப்பு 12ஆம் தேதி. 50 சதவீதக் கலவையும் வேண்டுமா என்பதை நீங்கள் சொல்வதாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் தெரியாவிட்டால் 40 வரையுடன் தொடங்குகிறேன்."

நான்கு வரிதான். ஆனால் இதில் ஒரு முடிவு பதிவாகிறது, ஒரு கேள்வி இருக்கிறது, பதில் வராவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதும் இருக்கிறது. வேலை நிற்காது. ஆறு மாதம் கழித்து "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று அவர் மறந்து சொன்னாலும் மனக்கசப்பில்லாமல் எடுத்துக் காட்டலாம். வட்ஸ்அப் குரல் பதிவுகளை நம்பியிருக்க வேண்டாம். கைபேசி தொலைந்தால் அவையும் தொலையும். குழுவின் மேசையில் அவற்றைப் போட்டுக் காட்டவும் முடியாது.

முன்னேற்ற அறிக்கையை நீங்கள் ஒரு சடங்காக நினைத்திருப்பதாக உங்கள் கடிதத்தில் தெரிந்தது. பெரும்பாலான இடங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். மாணவர்கள் "திட்டப்படி நடக்கிறது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுவார்கள், மேற்பார்வையாளரின் முகம் கோணக்கூடாதே என்று. பிறகு, இரண்டாம் வருட முடிவில், "இயந்திரம் பழுது, சாம்பல் வரத் தாமதம்" என்று காலநீடிப்புக் கேட்பார்கள். குழுவில் நாங்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தப் பழைய அறிக்கைகளைத்தான். அதில் பழுதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்றால் இரக்கம் இருந்தும் எங்களால் எழுத ஆதாரம் இல்லை. உங்கள் ஏழு கிழமையை அடுத்த அறிக்கையில் தேதியுடன் எழுதுங்கள்: எந்த நாள் நின்றது, யாருக்கு அறிவித்தீர்கள், எந்த நாள் திருத்தப்பட்டது, அதனால் எத்தனை மாதிரிகள் பிந்தின. எவரையும் குறை சொல்லும் தொனி வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். மேற்பார்வையாளரும் அதைத் தயங்காமல் ஒப்பமிடுவார், ஏனென்றால் அது அவருக்கும் பாதுகாப்பு.

இனி ஆய்வுகூடம். உங்கள் துறையில் காலம் சீமெந்தின் கையில் இருக்கிறது. சாம்பல் கலந்த கொங்கிரீட் மெதுவாகவே வலுப்பெறும். சீமெந்து நீருடன் சேரும்போது வெளிவரும் கல்சியம் ஐதரொட்சைட்டுடன் சாம்பல் பின்னர்தான் வினைபுரிகிறது. வார்த்த 28ஆம் நாள் செய்யும் அழுத்தச் சோதனையின் முடிவை மட்டும் பார்த்தால் சாம்பலுக்கு அநியாயம் செய்தவராவீர்கள்; 56ஆம் நாளும் 90ஆம் நாளும் வேண்டும். அப்படியானால் ஒரு தொகுதியை வார்த்து முடிவு எடுக்க மூன்று மாதம். அது பிழைத்து இன்னொரு தரம் வார்த்தால் ஆறு மாதம். உங்களிடம் இருப்பது பத்து. எழுதுவதற்கும் காலம் வேண்டும். அதனால் இந்த மாதமே வார்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நாளைத் தேர்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. நான் அதைக் கற்றது பன்னிரண்டு கொங்கிரீட் உருளைகளை இழந்த பிறகு. 150 மில்லிமீற்றர் விட்டம், 300 மில்லிமீற்றர் உயரம். ஒவ்வொன்றும் 12, 13 கிலோ. பன்னிரண்டையும் தொட்டியிலிருந்து தூக்கித் துடைத்து, வண்டியில் ஏற்றி, இயந்திர அறைக் கதவுக்குக் கொண்டுபோனேன். கதவில் பூட்டு. அன்று போயா, முழுமதி நாள் விடுமுறை. நான் மாதிரிகளை வார்த்தது முந்திய போயாவுக்கு மறுநாள். முழுமதிக்கும் முழுமதிக்கும் இடையில் ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். ஆகவே போயாவுக்கு அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ வார்த்தால் 28ஆம் நாள் நேரே அடுத்த போயாவில் போய் விழும். உருளைகளை நொறுக்கிச் சோதிப்பதற்கான ஏ.எஸ்.டி.எம். சி39 என்ற அமெரிக்க நியமத்தில் 28 நாள் சோதனைக்கு முன்பின்னாக 20 மணித்தியாலம்தான் இடம். மறுநாள் அதே நேரத்தில் நொறுக்கினால் அந்த எல்லையைத் தாண்டிவிடும். அதே போல, போயாவுக்கு மூன்றாம் நாள் வார்த்தால் 56ஆம் நாள் சிக்கும். 28உம் 56உம் ஏழின் மடங்கு, ஆகவே வார்த்த கிழமையிலேயே வரும், சனிக்கிழமை வார்க்காதீர்கள். 90 அப்படியல்ல, ஒரு நாள் முன்னால் வரும். திங்கட்கிழமை வார்த்தால் ஞாயிற்றுக்கிழமை. ஆனால் 90க்கு இரண்டு நாள் முன்பின்னாக இடமுண்டு, அதனால் திங்களிலேயே நொறுக்கலாம். நாட்காட்டியை மேசையில் விரித்து, போயாக்களையும் மற்ற விடுமுறைகளையும் சிவப்பால் வட்டமிட்டு, வார்க்கும் நாளைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். வார்க்கும் அன்றே 28, 56, 90 ஆகிய மூன்று நாட்களுக்கும் இயந்திரப் பதிவேட்டில் உங்கள் பெயரை எழுதிவிடுங்கள். இளமாணி மாணவர்களின் செய்முறை வகுப்புகள் தொடங்கினால் இடம் கிடைப்பது அரிது.

உங்கள் இயந்திரம் மீண்டும் பழுதானால் என்ன செய்வது? மாதிரிகள் காத்திருக்க மாட்டா. இப்போதே இன்னொரு இடத்தைப் பேசி வையுங்கள். கொழும்பில் இருப்பதன் பெரும் நன்மை இதுதான். ஜாவத்தை வீதியில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கொழும்பைச் சுற்றியே வேறு பொறியியல் பீடங்களும் இருக்கின்றன. கட்டணம் எவ்வளவு, மாணவருக்குச் சலுகை உண்டா, துறைத் தலைவரின் கடிதம் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டு, அந்தக் கடிதத்தையும் வாங்கிக் கோப்பில் வைத்திருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: இயந்திரம் மாறினால் அதன் அளவுதிருத்தச் சான்றிதழின் பிரதியையும் வாங்குங்கள். வாய்மொழிப் பரீட்சையில் அந்தக் கேள்வி வரும்.

தொழினுட்ப உத்தியோகத்தர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இயந்திரத்தின் குணம் அவர்களுக்குத்தான் தெரியும். வால்வு எங்கே இறுகும், மாதிரியின் தலையை எப்படிச் சமப்படுத்த வேண்டும் என்பதெல்லாம் எந்தக் கைநூலிலும் இல்லை. உங்கள் சிங்களம் போதாது என்று தயங்கி, ஆங்கிலத்தில் எழுதிய துண்டைக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தெரிந்த சிங்களத்தில் பிழையாகவே பேசுங்கள், ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். எனக்குச் சிங்களம் வந்ததே ஆய்வுகூடத்தில்தான். ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர்களுடைய பெயரை முழுமையாக எழுதினேன். அவர்களுக்கு ஒரு பிரதியும் கொடுத்தேன்.

அலுவலகக் கடிதங்களில் நிலைமை வேறு. அங்கே தயவு தேவையில்லை, உரிமை இருக்கிறது. நம் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக இருக்கும் இடத்திலும் ஒருவர் அரச அதிகாரியுடன் தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் உரித்துடையவர். சிங்களத்தில் மட்டும் வந்த சுற்றறிக்கை உங்களுக்கு விளங்காவிட்டால், ஆங்கிலப் பிரதி தரும்படி எழுதிக் கேளுங்கள். பட்டப்பின்படிப்பு ஆங்கிலத்தில் நடப்பதால் பெரும்பாலும் அது ஏற்கெனவே இருக்கும்.

காசு. அரச பல்கலைக்கழகத்தில் முதற்பட்டம் இலவசம், பட்டப்பின்படிப்பு அப்படியல்ல. வாழ்க்கைச் செலவோ வெள்ளவத்தையில் உங்களுக்கே தெரியும். வெளியிலிருந்து வரும் ஆராய்ச்சிப் பணத்தில் பெரும்பகுதி மாணவருக்கு நேரே வராது, மேற்பார்வையாளரின் பெயரில்தான் வரும். தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் ஆராய்ச்சி மானியங்கள் வழங்குகின்றன. அந்த மானியங்களில் பட்டத்துக்குப் பதிந்த ஆராய்ச்சி உதவியாளருக்கென ஒரு கொடுப்பனவு ஒதுக்க இடமிருக்கும். ஆகவே "எனக்கு உதவித்தொகை கிடைக்குமா" என்று கேட்பதைவிட, "அடுத்த விண்ணப்பக் காலம் எப்போது, நான் முதல் வரைவை எழுதித் தரட்டுமா" என்று மேற்பார்வையாளரைக் கேளுங்கள். நீங்கள் முடிக்கப்போகும் வருடத்தில் இருப்பதால் உங்களுக்கு அது உதவாமலும் போகலாம். ஆனால் ஆய்வைக் கலாநிதிப் பட்டத்துக்கு உயர்த்தும் எண்ணம் இருந்தால் மிகவும் உதவும். பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே சிறிய ஆராய்ச்சி மானியங்கள் உண்டு. துறையில் செய்முறை வகுப்புகளுக்குத் துணைநிற்கும் மணித்தியால வேலையும் இருக்கும். மாநாட்டுக்குப் போக, பதிவுக் கட்டணம் கட்ட உதவி உண்டா என்றும் கேளுங்கள். கேட்பவர் இல்லாமலேயே அந்தப் பணம் சில வருடங்களில் மிஞ்சிவிடுகிறது.

மானியத்தில் பொருள் வாங்குவது தனிக்கதை. அரச கொள்முதல் நடைமுறை: விலைக்கோரல்கள் எடுக்க வேண்டும், அனுமதி பெற வேண்டும், வழங்குநர் சாமானை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். இரசாயனமோ கலப்புச் சேர்மானமோ தேவையென்று இன்று தெரிந்தால் இன்றே எழுதிக் கொடுங்கள். சொந்தக் காசில் அவசரமாக வாங்கிவிட்டுப் பின்னர் பற்றுச்சீட்டைக் காட்டிப் பணம் பெறலாம் என்று நம்பாதீர்கள், அனுமதி முன்னதாக இல்லையென்றால் கணக்குப் பிரிவு கை வைக்காது.

அந்தப் பகுதிநேர வேலை பற்றி. ஒளித்துச் செய்யாதீர்கள். முழுநேரப் பதிவு என்றால் சம்பளத்துக்கு வேலை செய்யலாமா, செய்யலாமென்றால் கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் என்பது உங்கள் துணைவிதியில் இருக்கும். உதவித்தொகை பெறுகிறவராக இருந்தால் அந்த ஒப்பந்தத்தில் இன்னும் கடுமையாக இருக்கும். மீறினால் பெற்றதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். பகுதிநேரத்துக்கு மாறுவது நேர்மையான வழி. ஆனால் மாறினால் குறைந்தபட்ச காலம் கூடும் என்பதையும் கணக்கிடுங்கள். உங்கள் நிலையில், நான் உங்கள் சொந்த அக்காவாக இருந்தால், 90ஆம் நாள் முடிவுகள் கையில் வரும்வரை அந்த வேலையை ஏற்காதீர்கள் என்றே சொல்வேன். அதன் பிறகு எழுத்து வேலைதான், இரவிலும் எழுதலாம். உருளையை இரவில் நொறுக்க முடியாது.

கட்டுரைகள் கிடைப்பதில்லை என்றீர்கள். நம் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் வழியாக எடுரோம் என்கிற கம்பியில்லா இணைய இணைப்பு இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகக் கணக்கு இருந்தால் எடுரோமில் சேர்ந்த வேறு வளாகங்களிலும் அதே கடவுச்சொல்லால் இணையலாம். சந்தா இல்லாத கட்டுரை என்றால் நூலகரிடம் போங்கள். நூலகரை மாணவர்கள் புத்தகம் எடுத்துக் கொடுப்பவராக மட்டும் நினைக்கிறார்கள். வேறு நூலகத்திலிருந்து பிரதி வருவிப்பது, பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று காட்டும் ஒப்புமை அறிக்கை எடுத்துத் தருவது, போலி ஆய்விதழை அடையாளம் காட்டுவது எல்லாம் அவருடைய வேலைதான். கட்டுரை எழுதியவருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினாலும் பெரும்பாலோர் பிரதி அனுப்பிவிடுவார்கள். நியமங்களை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. எல்விட்டிகல மாவத்தையில் இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் நூலகத்தில் உட்கார்ந்து வாசித்துக் குறிப்பெடுக்கலாம். போகுமுன் தொலைபேசியில் எது இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

முதற்கட்டுரையை எங்கே கொடுப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் 2015இலிருந்து நடத்தும் மேர்க்கொன் மாநாடும், இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் வருடாந்த அமர்வுகளும் பொறியியல் மாணவருக்கு நல்ல தொடக்கம். "மூன்று நாளில் ஏற்பு, கட்டணம் டொலரில்" என்று மின்னஞ்சலில் வரும் அழைப்புகளை அழித்துவிடுங்கள்.

சாம்பல் விஷயத்தில் ஒன்று என்னை உண்மையிலேயே கவலைப்படுத்துகிறது. மின் நிலையத்திலிருந்து சாம்பல் மாதிரியையும் அதன் இரசாயனப் பகுப்பாய்வுத் தரவையும் "தெரிந்தவர் மூலம்" எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆய்வேடு பகிரங்க ஆவணம், நூலகத்தில் நிற்கும். அந்தத் தரவை வெளியிட உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று பரீட்சகர் கேட்கலாம், நிறுவனமே பின்னர் கேட்கலாம். துறைத் தலைவர் ஊடாக முறையான கடிதம் அனுப்பி, எழுத்தில் அனுமதி பெறுங்கள். மாதிரி எடுத்த தேதியையும் எந்த அலகிலிருந்து என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே 300 மெகாவாட் அலகுகள் மூன்று. எரிக்கும் நிலக்கரி மாறினால் சாம்பலின் சேர்க்கையும் மாறும். இரண்டாம் தொகுதிக்கு வேறு சாம்பல் வந்துவிட்டால் முதல் தொகுதியோடு ஒப்பிடவே முடியாது. இரண்டு தொகுதிக்கும் போதுமான அளவை ஒரே தடவையில் எடுத்து, ஈரம் புகாத பீப்பாயில் மூடி வையுங்கள்.

கலவையில் புதிதாக ஏதாவது கண்டுபிடித்ததாகத் தோன்றினால் மாநாட்டில் பேசுமுன் மேற்பார்வையாளருடன் கலந்து பேசுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் ஆக்கவுரிமை பெறப் புதுமை வேண்டும். பல நாடுகளில் முன்பே வெளியிட்டது புதுமை ஆகாது. உரிமை மாணவருக்கா பல்கலைக்கழகத்துக்கா என்பதைப் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கொள்கையில் பாருங்கள்.

பேசியும் எழுதியும் ஒன்றும் நடக்காவிட்டால்? முதலில் துறையின் பட்டப்பின்படிப்பு இணைப்பாளர், பிறகு துறைத் தலைவர், பிறகு பீடாதிபதி. படியைத் தாண்டிப் பாயாதீர்கள். தாண்டினால் மேலிருந்து அதே கடிதம் கீழே அனுப்பப்படும், ஒரு மாதம் வீண். இணை மேற்பார்வையாளர் ஒருவரைச் சேர்க்கும்படி கேட்பது, மேற்பார்வையாளரை மாற்றக் கேட்பதைவிட எல்லோருக்கும் எளிது. உங்கள் மேற்பார்வையாளர் நல்லவர் என்று நீங்களே சொல்வதால் அதையே நான் முதலில் முயற்சி செய்வேன். விண்ணப்பம் என்ன ஆனது என்றே தெரியாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் தகவல் அதிகாரிக்கு எழுதினால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். இரகசியமாகப் பேண வேண்டிய பரீட்சைத் தகவல்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் உங்கள் கடிதம் எந்தக் கூட்டத்தில் எடுக்கப்பட்டது, என்ன முடிவு என்பதைக் கேட்பதில் தவறில்லை.

பாரபட்சம், துன்புறுத்தல் போன்ற பாரிய விஷயம் என்றால் காலம் மிகக் குறுகியது. அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால் அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. உங்களுக்கு இது தேவைப்படாது என்று நினைக்கிறேன். வாசிக்கும் வேறொருவருக்குத் தேவைப்படலாம் என்றே எழுதினேன்.

கடிதத்தின் கடைசியில், இரவில் நித்திரை வருவதில்லை, வீட்டில் எதையும் சொல்லவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். அந்த வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். பல்கலைக்கழக வைத்திய நிலையத்துக்கும் மாணவர் ஆலோசகரிடமும் போங்கள்; பட்டப்பின்படிப்பு மாணவருக்கும் அவை உரியவை. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். அம்மாவுக்கு இன்றைக்கே சொல்லுங்கள். அவர் கொங்கிரீட்டைப் பற்றி ஒன்றும் அறியாவிட்டாலும் மகன் ஏன் குரல் தாழ்ந்து பேசுகிறான் என்பதை ஏற்கெனவே கவனித்திருப்பார்.

இந்தக் கிழமைக்கு மூன்று வேலை. திங்கட்கிழமை துணைவிதியின் பிரதியைக் கையில் வாங்குங்கள். செவ்வாய்க்கிழமை இயந்திரம் நின்ற ஏழு கிழமையைத் தேதிவாரியாக எழுதி மேற்பார்வையாளருக்கு அனுப்பி, இணை மேற்பார்வையாளர் பற்றியும் ஒரு வரி கேளுங்கள். பிறகு நாட்காட்டியை எடுத்து வார்க்கும் நாளைக் குறித்து எனக்கு அனுப்புங்கள். போயாவில் விழுகிறதா என்று நானும் ஒருதரம் எண்ணிப் பார்க்கிறேன்.